குடலுக்குள் ஒரு குடியிருப்பு



ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் நம் தெருக்களில் நடைபெறும் ஒரு காட்சியைச் சற்றே நினைவுக்குக் கொண்டு வாருங்கள். குர்பானி ஆடு அறுக்கப்பட்டு, தோல் உரிக்கப்பட்டு, இறைச்சி பங்கிடப்படுகிறது. ஈரலைக் கையில் எடுத்துப் பார்க்கும் பெரியவர் முகம் சுளிக்கிறார். அதன் மேல் எலுமிச்சம்பழ அளவில் வெண்ணிறமான ஒரு கட்டி. கத்தி முனை பட்டதும் தெளிந்த நீர் பீறிடுகிறது. "இது ஆகாது" என்று சொல்லி அந்தத் துண்டை அறுத்து ஒதுக்குகிறார். தெருமுனையில் விடியற்காலையிலிருந்தே காத்துக் கிடக்கும் நாய்க்கு அது போய்ச் சேருகிறது. வீணாகப் போவதை ஒரு வாயில்லா ஜீவன் தின்றுவிட்டுப் போகட்டுமே என்ற இரக்கம்தான் அதற்குக் காரணம்.

அந்த இரக்கம் நல்லது. ஆனால் அந்தத் துண்டின் பயணம் நாயின் வயிற்றோடு முடிந்து விடுவதில்லை. அது எங்கே போகிறது, யாரிடம் வந்து சேருகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டுமானால், நாம் முதலில் நம் தெருவை விட்டு வெகுதூரம் செல்ல வேண்டும். காட்டு விலங்குகளின் குடலுக்குள் வாழும் புழுக்களின் உலகம் அது. அருவருப்பாகத் தோன்றினாலும் முகத்தைத் திருப்பிக் கொள்ளாமல் கூடவே வாருங்கள். இறுதியில் மீண்டும் நம் வீட்டு வாசலுக்கே திரும்பி வருவோம்.

ஓநாயும் மானும் புழுவும்

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கு நடுவே ஐல் ராயல் என்றொரு தீவு உண்டு. அங்கே மூஸ் என்னும் மிகப் பெரிய மானினமும், அதை வேட்டையாடும் ஓநாய்களும் வாழ்கின்றன. 1958ஆம் ஆண்டு முதல் இவ்விரண்டின் எண்ணிக்கையையும் அறிவியலாளர்கள் தொடர்ந்து கண்காணித்து வருகின்றனர். அத்தீவில் இறந்து கிடந்த வயதான மூஸ் மான்களின் நுரையீரலை அறுத்துப் பார்த்தபோது, நாம் ஆட்டின் ஈரலில் கண்டதைப் போன்ற நீர்க்கட்டிகள் காணப்பட்டன. நம் ஆடுகளிலும் நாய்களிலும் வாழும் நாடாப்புழுவின் நெருங்கிய உறவினமே அக்கட்டிகளுக்குக் காரணம்.

இப்புழுவின் வாழ்க்கை இரண்டு வீடுகளில் கழிகிறது. வளர்ந்த புழு ஓநாயின் சிறுகுடலில் வாழ்கிறது. அதன் நீளம் ஓர் அரிசி மணியைத் தாண்டாது. ஓர் ஓநாயின் குடலில் ஆயிரக்கணக்கான புழுக்கள் இருந்தாலும் ஓநாய்க்குப் பெரிய துன்பம் எதுவும் நேர்வதில்லை. புழுவின் முட்டைகள் ஓநாயின் கழிவோடு வெளியேறிப் புல்லிலும் தழையிலும் ஒட்டிக்கொள்கின்றன. அதை மேயும் மூஸ் மானின் குடலில் முட்டை பொரிந்து, நுண்ணிய குஞ்சு குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, நுரையீரலையோ ஈரலையோ அடைந்து அங்கே நீர்க்கட்டியாக வளர்கிறது. கட்டிக்குள் எண்ணற்ற இளம்புழுக்கள் தலைகளோடு தயாராகக் காத்திருக்கின்றன. எதற்காக? அந்த மானை ஓர் ஓநாய் தின்ன வேண்டும் என்பதற்காக!

இப்போது ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஓநாய் நலமாக நீண்ட நாள் வாழ்ந்தால் புழுவுக்கு ஆதாயம். மானோ ஓநாயிடம் அகப்பட்டால்தான் புழுவுக்கு ஆதாயம். ஓநாயை வருத்தாத அதே புழு மானின் நுரையீரலை நிறைத்து மூச்சு வாங்க வைக்கிறது. கட்டிகள் மிகுந்த மான் விரைந்து ஓட முடியாமல் ஓநாய்க்கு எளிதில் இரையாகிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அவர்கள் கருத்து சரியென்றால், காட்டில் எந்த மான் சாகும், எந்த மான் பிழைக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத புழுவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஒரு வாத்தின் வயிற்றில் ஓர் ஊர்

ஒரு விலங்கின் உடலில் ஒரே வகைப் புழுதான் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாநிலத்து ஏரிகளில் ஸ்காப் எனப்படும் ஒரு வகை முக்குளிப்பு வாத்து உண்டு. ஆல்பர்ட் புஷ், ஜான் ஹோம்ஸ் என்ற இரு அறிவியலாளர்கள் அவ்வாத்துகளில் 45ஐ எடுத்து, அவற்றின் குடலில் இருந்த புழுக்களை ஒன்று விடாமல் எண்ணினர். 1986ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். அந்த 45 வாத்துகளில் 52 இனப் புழுக்கள் இருந்தன. தலைகளை எண்ணினால் ஏறத்தாழ 10 லட்சம்! ஒரு வாத்துக்குச் சராசரியாக இருபதாயிரம் அளவில் வருகிறது. இத்தனையையும் சுமந்துகொண்டுதான் அவை நீந்தின, பறந்தன, குஞ்சு பொரித்தன.

இத்தனை புழுக்கள் எப்படி வந்தன? வாத்து உண்ட உணவே வாசல். அந்த ஏரிகளில் கூனி இறாலை ஒத்த சின்னஞ்சிறு உயிர்கள் ஏராளம். வாத்துகள் அவற்றை விரும்பி உண்ணும். பல புழுக்களின் குஞ்சுப் பருவம் அந்தச் சிற்றுயிர்களுக்குள்தான் கழிகிறது. ஆகவே ஒவ்வொரு வாய் உணவோடும் புதிய குடிகள் சில வந்து இறங்குகின்றன. ஒரு விலங்கின் குடற்புழுக்களை ஆராய்ந்தால், அது எங்கே மேய்ந்தது, எதைத் தின்றது, யாரோடு கூடி வாழ்ந்தது என்ற வரலாற்றையே ஓரளவு படித்துவிடலாம்.

வந்தவர்கள் அனைவரும் ஒரே இடத்தில் முண்டியடிக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. ஜெர்ஹார்ட் ஷாட் என்பவர் 1963ஆம் ஆண்டில் நில ஆமைகளின் பெருங்குடலை ஆராய்ந்தார். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல இனக் கீரிப்பூச்சிகள் அங்கே இருந்தன. ஓர் இனம் குடலின் முற்பகுதியில், மற்றொன்று பிற்பகுதியில். ஒன்று குடற்சுவரை ஒட்டி. இன்னொன்று குடலின் நடுவே. ஒரு கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கோர் அறையைப் பிரித்துக்கொண்டதைப் போன்ற ஏற்பாடு.

சில வேளைகளில் இடத்துக்காகப் பூசலும் உண்டு. மேலே சொன்ன ஜான் ஹோம்ஸ் 1961ஆம் ஆண்டில் ஆய்வுக்கூட எலிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். நாடாப்புழு தனியாக இருந்தால் சிறுகுடலின் முற்பகுதியில், அதாவது சத்து மிகுந்த இடத்தில், தங்குகிறது. தலையில் முட்கள் கொண்ட மற்றொரு வகைப் புழுவும் தனியாக இருந்தால் அதே இடத்தைத்தான் நாடுகிறது. இரண்டையும் சேர்த்து விட்டால், நாடாப்புழு பின்வாங்கிக் குடலின் பின்பகுதிக்கு நகர்ந்துவிடுகிறது. வலியவன் முன்திண்ணையைப் பிடிக்க, எளியவன் கொல்லைப்புறம் போகிறான்!

பங்கீட்டில் ஏற்றத்தாழ்வு

இக்குடியிருப்புகளில் மற்றொரு விதியும் உண்டு. அதை மறவாமல் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் பயன்படும். ஒரு மந்தையில் உள்ள எல்லா விலங்குகளிடமும் புழுக்கள் சமமாகப் பரவியிருப்பதில்லை. பெரும்பாலான விலங்குகளிடம் சில புழுக்களே இருக்கும். மிகச் சில விலங்குகளிடம் மட்டும் மந்தையிலுள்ள புழுக்களில் பெரும்பகுதி குவிந்திருக்கும். கிராஃப்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் 1971ஆம் ஆண்டில் இக்குவியலைக் கணித முறைப்படி விளக்கி, ஒட்டுண்ணி என்பதற்கான இலக்கணத்திலேயே அதற்கு இடம் கொடுத்தார். அதன் பின்னர் ஆராயப்பட்ட எத்தனையோ விலங்குகளில் இந்த ஏற்றத்தாழ்வு மீண்டும் மீண்டும் உறுதிப்பட்டிருக்கிறது. பிறவியிலேயே அமைந்த எதிர்ப்புச் சக்தி, வயது, மேயும் இடம், பசி, சினைப்பருவம் எனக் காரணங்கள் பல.

பனித்துருவம் சென்றவர் எழுதிய அறிக்கை

இனி இங்கிலாந்தின் வடபகுதிக்குச் செல்வோம். ஹெதர் என்னும் குறும்புதர் மண்டிய மேட்டுநிலங்களில் சிவப்பு கிரௌஸ் என்ற பறவை வாழ்கிறது. நம் ஊர்க் கௌதாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சற்றுப் பெரியது. சில ஆண்டுகள் இப்பறவை மேடெங்கும் பெருகி நிற்கும். திடீரென ஓர் ஆண்டு எண்ணிக்கை சரிந்துவிடும். பிறகு மீண்டும் பெருகும், மீண்டும் சரியும். இதை வேட்டையாடிய நிலப்பிரபுக்கள் கவலை கொண்டனர். 1905ஆம் ஆண்டில் காரணத்தை அறிய ஒரு குழு அமைக்கப்பட்டது.

அக்குழுவின் களப்பணியை ஏற்றவர் எட்வர்ட் வில்சன் என்ற மருத்துவர். ஏறத்தாழ இரண்டாயிரம் பறவைகளை அவர் அறுத்து ஆராய்ந்தார். இப்பறவையின் குடலில் இரு நீண்ட கிளைப் பைகள் உண்டு. மயிரிழை போன்ற மெல்லிய உருளைப்புழுக்கள் ஆயிரக்கணக்கில் அப்பைகளில் நெருங்கி வாழ்வதை அவர் கண்டார். இப்புழுக்களே பறவைகளை வீழ்த்துகின்றன என்ற முடிவோடு 1911ஆம் ஆண்டில் அறிக்கை வெளிவந்தது. அது வெளிவந்த வேளையில் வில்சன் தென்துருவப் பனிவெளியில் இருந்தார். ஸ்காட் தலைமையில் சென்ற அக்குழுவோடு துருவத்தை அடைந்து, திரும்பும் வழியில் 1912ஆம் ஆண்டில் அங்கேயே உயிர் துறந்தார்.

அவர் சொன்னதைக் களத்திலேயே சோதித்துப் பார்க்க மேலும் எண்பது ஆண்டுகள் ஆயின. பீட்டர் ஹட்சன், ஆண்ட்ரூ டாப்சன், டேவிட் நியூபார்ன் ஆகிய மூவர் ஆறு மேட்டுநிலங்களைத் தேர்ந்தெடுத்தனர். 1989, 1993 ஆகிய ஆண்டுகளில் சரிவு வரும் என்று முன்கூட்டியே கணித்தனர். இரவில் விளக்கொளியால் பறவைகளைத் திகைக்க வைத்து, வலை போட்டுப் பிடித்து, வாயில் புழுநீக்க மருந்தைப் புகட்டி விடுவித்தனர். இரண்டு இடங்களில் இரு சரிவுகளுக்கு முன்பும் மருந்து. இரண்டு இடங்களில் ஒரு சரிவுக்கு மட்டும். எஞ்சிய இரண்டில் மருந்தே இல்லை. மருந்து கொடுத்த இடங்களில் சரிவு பெரிதும் தணிந்தது; கொடுக்காத இடங்களில் வழக்கம்போல் சரிந்தது. 1998ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியானது. புழு ஒன்றே காரணமா, சேவல்கள் இடத்துக்காக இட்டுக்கொள்ளும் சண்டைக்கும் பங்குண்டா என்ற விவாதம் அறிஞர்களிடையே அதற்குப் பின்னும் தொடர்ந்தது. எனினும் ஒரு பறவைக் கூட்டத்தின் ஏற்ற இறக்கத்தில் புழுவுக்குக் கை உண்டு என்பது ஐயமற உறுதியாயிற்று.

இதே ஆய்வாளர்கள் கண்ட மற்றொன்று இன்னும் சுவையானது. அடைகாக்கும் கிரௌஸ் பேடு தன் உடலின் வாடையை அடக்கிக்கொண்டு நரிக்குத் தப்புகிறது. புழுக்கள் மிகுந்த பேட்டால் அவ்வாறு அடக்க முடிவதில்லை. மோப்பம் பிடிக்கும் நாய்களைக் கொண்டு சோதித்தபோது, மருந்து உண்ட பேடுகளை விட மருந்து உண்ணாதவற்றையே நாய்கள் அதிகமாகக் கண்டுபிடித்தன. அப்படியானால் நரி தின்பது பெரும்பாலும் புழு மிகுந்த பறவையைத்தான். சற்று முன் சொன்ன ஏற்றத்தாழ்வு விதியை நினைவுகூருங்கள். மிகச் சில பறவைகளிடமே புழுக்களின் பெரும்பகுதி குவிந்திருக்கிறது. நரி அத்தகைய ஒன்றைத் தின்னும்போது, மேட்டில் முட்டையிட்டுப் பரவவிருந்த பல்லாயிரம் புழுக்களும் அதோடு ஒழிகின்றன. பறவையின் எதிரி என்று நரியைச் சுட்டுக் கொன்றால், நாம் அறியாமலே புழுவுக்குத் துணை போகிறோம்.

மருந்து கொடுத்ததால் வந்த வினை

இதுவரை படித்தவர்களுக்கு ஓர் எண்ணம் தோன்றியிருக்கும். புழுக்களை மருந்திட்டு ஒழித்துவிட்டால் விலங்குகள் எல்லாம் நலமாக வாழுமே என்பதுதான் அது. அதையும் செய்து பார்த்துவிட்டார்கள்.

பிரிட்டனின் காடுகளில் வாழும் மர எலிகளுக்கு ஐவர்மெக்டின் என்னும் மருந்தைக் கொடுத்தனர். உருளைப்புழுக்கள் குறைந்தன. அதே குடலில் அதுவரை அடங்கிக் கிடந்த, கண்ணுக்குத் தெரியாத ஓரணு ஒட்டுண்ணி ஒன்று உடனே பன்மடங்கு பெருகியது. ஒரு குடியைக் காலி செய்ய, அடுத்த வீட்டுக்காரன் அந்த இடத்தையும் சேர்த்து வளைத்துக்கொண்டான். ஆனால் இந்த மாற்றம் நீடிக்கவில்லை. சில வாரங்களில் மருந்தின் வேகம் தணிந்ததும், உருளைப்புழுக்கள் திரும்பி வந்து, பழைய குடியிருப்பு பழைய வடிவத்துக்கே மீண்டது. 2013ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, குடலுக்குள் இருப்பது தற்செயலாகக் கூடிய கும்பலன்று, ஒன்றையொன்று தாங்கியும் தடுத்தும் நிற்கும் அமைப்பு என்பதைக் காட்டியது.

இதைவிட ஆழ்ந்து சிந்திக்க வைப்பது தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் நடந்த ஆய்வு. அங்கே வாழும் காட்டெருமைகளை மாட்டுக் காசநோய் பீடித்திருந்தது. வெனேசா எசன்வா, ஆன்னா ஜோல்ஸ் என்ற இரு பெண் அறிவியலாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட எருமைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். அவற்றில் ஒரு பாதிக்கு, வயிற்றில் தங்கி மெல்ல மெல்லக் கரையும் புழுநீக்க மருந்துக் குளிகை கொடுக்கப்பட்டது. மறு பாதிக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை.

உடலின் காவற்படை புழுவை எதிர்க்கும் முறை வேறு. காசநோய்க் கிருமியை எதிர்க்கும் முறை வேறு. ஒன்றில் மும்முரமாக இருந்தால் மற்றொன்று தளர்ந்துவிடும். ஆகவே புழுக்களை நீக்கினால் காவற்படை முழு மூச்சோடு காசநோயை எதிர்க்கும் என்று எதிர்பார்த்தனர். எதிர்பார்த்ததில் ஒரு பகுதி பலித்தது. மருந்து உண்ட எருமைகளுக்கும் காசநோய் மற்றவற்றுக்கு வந்தது போலவே வந்தது. நோயைத் தடுக்க முடியவில்லை. ஆனால் நோய் வந்த பிறகு அவை பிழைத்திருக்கும் வாய்ப்பு ஒன்பது மடங்கு கூடியிருந்தது. தனி ஒரு விலங்கைப் பார்த்தால் இது பெரும் வெற்றி.

மந்தையைப் பார்த்தால்? நோயுற்ற எருமை சாகவில்லை, நோய் தீரவுமில்லை. அது நடமாடிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் மற்ற எருமைகளுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஒரு நோயாளி விலங்கு எத்தனை விலங்குகளுக்கு நோயைப் பரப்பும் என்று கணக்கிட்டபோது, மருந்து உண்ட விலங்குகளில் அவ்வெண் ஏறத்தாழ எட்டு மடங்கு உயர்ந்திருந்தது! 2015ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. ஒன்றுக்குக் காட்டிய கருணை பலவற்றுக்குத் தீங்காக முடியக்கூடும் என்பதை எருமை மந்தை உணர்த்தியது.

அப்படியானால் நம் குழந்தைகளுக்கு?

"அப்படியானால் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுப்பது தவறா?" என்று நம் தாய்மார்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: தவறில்லை, கொடுக்கத்தான் வேண்டும்.

காட்டு விலங்கின் கணக்கை அப்படியே மனிதக் குழந்தைக்குப் பொருத்தக் கூடாது. எருமைக்குப் புழு மருந்தோடு காசநோய் மருந்தும் கொடுப்பவர் யாருமில்லை; ஆகவே நோய் தீராமல் உயிர் மட்டும் நீண்டது. நம் குழந்தைக்கு ஒரு நோய் போனபின் மறு நோய் வந்தால் பார்க்க மருத்துவர் இருக்கிறார். மேலும் கொக்கிப்புழு நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சுவதால் குழந்தைக்குச் சோகை வருகிறது, வளர்ச்சி குன்றுகிறது, படிப்பில் கவனம் சிதறுகிறது. 2015ஆம் ஆண்டு முதல் இந்திய அரசு குடற்புழு நீக்க நாள் என ஒன்றை ஏற்படுத்தி, ஒன்று முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை வழங்கி வருகிறது. அதைத் தவற விடாதீர்கள்.

அதே வேளையில் மர எலியின் பாடத்தையும் மறக்க வேண்டாம். மருந்தின் வேகம் தணிந்ததும் பழைய குடிகள் திரும்பி வந்துவிட்டன அல்லவா? மண்ணில் முட்டைகளும் குஞ்சுகளும் இருக்கும் வரை மாத்திரை ஒரு தவணைத் தீர்வுதான். கழிப்பறையும், காலுக்குச் செருப்பும், சோப்புப் போட்டுக் கழுவிய கையும் சேர்ந்தால்தான் வாசல் அடைபடும்.

ஆடு வளர்ப்போருக்கும் ஒரு செய்தி உண்டு. மந்தை முழுவதற்கும் அடிக்கடி மருந்து புகட்டினால், மருந்துக்கு அஞ்சாத புழுக்கள் மட்டும் எஞ்சிப் பெருகும். மருந்துக்கு அடங்காத ஆட்டுப் புழுக்கள் இன்று உலகின் பல நாடுகளில் உள்ளன. தென்னாப்பிரிக்காவில் இதற்கு ஓர் எளிய வழி கண்டனர். ஆட்டின் கீழ் இமையைப் பிதுக்கி உட்புற நிறத்தைப் பார்ப்பது. வெளிறியிருந்தால் அந்த ஆட்டின் இரத்தத்தைப் புழு உறிஞ்சுகிறது என்று பொருள். அதற்கு மட்டும் மருந்து. சிவந்திருந்தால் விட்டுவிடுவது. சில விலங்குகளிடமே புழுக்கள் குவிந்திருக்கும் என்ற விதி இங்கே கைகொடுக்கிறது. மருந்து படாத ஆடுகளில் உள்ள சாதுவான புழுக்கள் எஞ்சியிருந்து, முரட்டுப் புழுக்கள் தனியாட்சி செய்யாமல் தடுக்கின்றன.

மீண்டும் நம் வாசலில்

இப்போது பெருநாள் காலைக்குத் திரும்புவோம். காட்டில் ஓநாய்க்கும் மானுக்கும் இடையே ஓடிய அதே சக்கரம், நம் ஊரில் நாய்க்கும் ஆட்டுக்கும் இடையே ஓடுகிறது. ஐல் ராயலில் ஓநாய் மானை வேட்டையாடித்தான் அந்தச் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். இங்கே நாய் வேட்டையாடுவதில்லை. சக்கரத்தைச் சுழற்றுவது நம் கை. ஒதுக்கிய ஈரல் துண்டை நாம் எறிகிறோம். கட்டிக்குள் இருந்த இளம்புழுக்கள் நாயின் குடலில் வளர்கின்றன. சில வாரங்களில் முட்டைகள் கழிவோடு வெளியேறுகின்றன. முட்டை நாயின் மயிரிலும் ஒட்டியிருக்கும். தெருப்புழுதியிலும் கீரைப் பாத்தியிலும் கிடக்கும். நாயைத் தடவிய கையோடு உண்ணும் குழந்தையின் வயிற்றுக்கும் போகும். ஆட்டின் ஈரலில் வளர்ந்தது போலவே குழந்தையின் ஈரலில் நீர்க்கட்டி மெல்ல வளரும். பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் தெரியாது. தெரியும்போது அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோய் விடும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டி இருந்த ஆட்டின் இறைச்சியைச் சமைத்து உண்டதால் இந்நோய் வருவதில்லை. நாயின் கழிவில் உள்ள முட்டை வாய்க்குள் போவதால்தான் வருகிறது. ஆபத்து அந்தத் துண்டைத் தெருவில் எறிந்த கணத்தில் தொடங்குகிறது.

இதைத் தடுக்க முடியுமா? ஒரு நாடே தடுத்துக் காட்டியிருக்கிறது. ஐஸ்லாந்துத் தீவில் 19ஆம் நூற்றாண்டில் இந்த நீர்க்கட்டி நோய் மக்களை வாட்டி வதைத்தது. 1863ஆம் ஆண்டில் டென்மார்க்கிலிருந்து ஹரால்ட் க்ராபே என்ற அறிஞர் அங்கு சென்று நாய்களை அறுத்து ஆராய்ந்தார். நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட நாய்களின் குடலில் இப்புழு இருந்தது. நோய் எப்படி வருகிறது, கட்டியுள்ள உறுப்புகளை ஏன் நாய்க்குப் போடக் கூடாது என்பதையெல்லாம் எளிய நடையில் ஒரு சிறு நூலாக எழுதினார். அது அச்சிடப்பட்டு, தீவின் வீடுகள்தோறும் இலவசமாக வழங்கப்பட்டது. ஐஸ்லாந்து மக்கள் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள். குளிர்கால இரவுகளில் குடும்பமாக அமர்ந்து வாசிப்பவர்கள். நூலைப் படித்தனர், படித்தபடி நடந்தனர். நாய்களைக் கட்டுப்படுத்தச் சட்டமும் வந்தது. கட்டியுள்ள உறுப்புகளைப் புதைக்கவும் எரிக்கவும் தொடங்கினர். தலைமுறைகள் கடந்தன. இருபதாம் நூற்றாண்டில் அந்நோய் அத்தீவை விட்டே அகன்றது. அதைத் தொடங்கி வைத்தது வீட்டில் வாசிக்கப்பட்ட ஒரு சிறு நூல்!

நாம் செய்ய வேண்டியதும் அவ்வளவு கடினமன்று. குர்பானி நாளிலும் மற்ற நாட்களிலும் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி கண்டால், அத்துண்டை நாய் தோண்டி எடுக்க முடியாத ஆழத்தில் புதையுங்கள், இயலுமானால் எரித்துவிடுங்கள். சமைக்காத குடல், ஈரல், நுரையீரல் எதையும் நாய்க்குப் போடாதீர்கள். காத்திருக்கும் ஜீவனுக்கு ஏதேனும் கொடுக்க மனம் விரும்பினால், நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். காவலுக்கு நாய் வைத்திருப்போர் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முறையாகப் புழுநீக்க மருந்து கொடுக்கட்டும். கீரையை நன்கு அலசுங்கள். சாப்பிடும் முன் பிள்ளைகளின் கையைக் கழுவி விடுங்கள். இறைச்சி வெட்ட வரும் தொழிலாளியிடமும் இந்தச் செய்தியைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

காட்டில் புழுவுக்கும் விலங்குக்கும் இடையே ஒரு நீண்ட கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் நாம் அவசரப்பட்டுக் கை வைத்தால் எருமை மந்தைக்கு நேர்ந்ததைப் போல எதிர்பாராத விளைவுகள் நேரலாம். நம் வாசலில் ஓடும் கணக்கு அப்படிப்பட்டதன்று. அது நம் கையால் சுழல்கிறது. நம் கையாலேயே நிற்கும். வரும் பெருநாளில் அந்தப் பெரியவர் ஈரல் துண்டை ஒதுக்கும்போது, தெருமுனையை நோக்கி அவர் கை உயர்வதற்கு முன், "சற்றுப் பொறுங்கள், மாமா, மண்வெட்டி எடுத்து வருகிறேன்" என்று நம் வீட்டுப் பிள்ளை ஒன்று சொல்லுமானால், இந்தப் பக்கங்களை எழுதிய உழைப்பு வீண் போகவில்லை என்று மகிழ்வேன்.